ஒரு கார் பிழைக்க இன்னொரு கார்

*அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு: கம்பெனிகள் மூடிய பிறகும் இந்த வண்டிகள் ஓடுவது பிரிக்கப்படும் சக வண்டிகளால்தான். எதைப் பிரிக்கலாம், எப்படிப் பிரிக்க வேண்டும், பட்டறைகளின் ஊரான திருச்சி இதில் என்ன செய்யலாம்?*

2014 மே 24. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை அன்றோடு அம்பாசடர் தயாரிப்பை நிறுத்தியது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்த ஓட்டம் அது. பம்பாய் குர்லாவில் பிறந்த பிரீமியர் பத்மினி அதற்கு முன்பே, புத்தாயிரத்தின் தொடக்கத்தில் விடைபெற்றிருந்தது. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் கார் செய்துகொண்டிருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1988-லேயே உற்பத்தியை முடித்துக்கொண்டது.

கம்பெனி போனாலும் கார்கள் போகவில்லை. ஸ்ரீரங்கத்தின் உத்தர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும், தில்லைநகரிலும், கன்டோன்மென்ட்டிலும் தாத்தா வாங்கிய வண்டியைத் தார்ப்பாய் போர்த்தி வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. ஜங்ஷனில் இறங்கிய யாத்ரீகரை ரங்கா கோபுரம் வரை கொண்டுவந்து விட்ட டாக்ஸி, மாப்பிள்ளை அழைப்புக்குப் பூச்சரம் கட்டிய கார், நள்ளிரவில் டாக்டரை அழைத்துவந்த கார் என்று திருச்சியின் ஒரு தலைமுறை நினைவு இந்த வண்டிகளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

அவற்றில் ஒன்றை மறுபடி ஓட வைக்க வேண்டுமென்றால், கதவுக் கைப்பிடி முதல் கிரவுன் பினியன் வரை எங்கிருந்து வரும்? பெரும்பாலும் ஒரே பதில்தான்: அதே மாதிரி இன்னொரு வண்டியிலிருந்து. பட்டறையில் அதற்குப் ‘பார்ட்ஸ் வண்டி’ என்று பெயர். ஒன்று பிழைக்க ஒன்று பிரிகிறது. பழைய கார்களை நேசிக்கிறவர்கள் பேச வேண்டிய முதல் விஷயம் பெயின்ட்டும் பாலிஷும் அல்ல, இந்தக் கொடுக்கல் வாங்கலின் நியாயம்தான்.

மூன்று கார்கள், மூன்று நிலைமைகள்

பார்ட்ஸ் வண்டி கிடைப்பதில் அதிகக் கொடுப்பினை அம்பாசடருக்கு. மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை ஒட்டிப் பிறந்த அதன் உடல்வாகு கடைசிவரை பெரிதாக மாறவே இல்லை. மார்க் 1, மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா என்று முகப்பு கிரில்லும் விளக்கும் டேஷ்போர்டும் மாறின. கதவு, கூரை, தரைத்தகடு பெரும்பாலும் அதே வார்ப்பு. முன்பக்கம் டார்ஷன் பார், பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். 1,489 சிசி பெட்ரோல் எஞ்சின் ‘பி சீரிஸ்’ என்ற பிரிட்டிஷ் குடும்பத்தைச் சேர்ந்தது. எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார்களும் ஆஸ்டின்களும் அதே குடும்பத்து எஞ்சினில் ஓடியதால், அதன் உட்பாகங்களை இன்றும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க முடியும்.

ஃபியட்டின் கதையில் ஒரு கோடு போட வேண்டும். 1964-இல் வந்த 1100 டிலைட், 1972-இல் பிரீமியர் பிரசிடென்ட் ஆகி, 1974-இல் பத்மினி ஆனது. பெயர் மாறினாலும் 1,089 சிசி எஞ்சினும் அடிப்படை உடலும் தொடர்ந்தன. அதனால் ஒரு டிலைட்டை மீட்க, பாழான ஒரு பத்மினி பெருமளவு உதவும். எஞ்சின், கியர் பாக்ஸ், பிரேக், கண்ணாடி எல்லாம் பொருந்தும். கிரில், பின்விளக்கு, பேட்ஜ், டேஷ்போர்டு போன்ற முகஅடையாளங்கள்தான் ஆண்டுக்கு ஆண்டு வேறு. 1964-க்கு முந்தைய உருண்டை உடல் ஃபியட் என்றால் பத்மினியிலிருந்து சில இயந்திர பாகங்கள் மட்டுமே கிடைக்கும், தகடு ஒன்றும் உதவாது.

நெஞ்சைப் பிசைவது ஹெரால்டு. நம் மாநிலத்தில் செய்யப்பட்ட கார் அது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த டிரையம்ஃப் ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1961-இல் 948 சிசி எஞ்சினோடு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் சென்னையில் தயாராகத் தொடங்கியது. 1960-களின் இறுதியில் வந்த மார்க் 3-க்கு நான்கு கதவுகள். பிரிட்டனில் ஒருபோதும் விற்கப்படாத உடல் அது. பின்னால் வந்த கெஸல் 1977 வரை ஓடி நின்றது. டிரையம்ஃப் எஞ்சின் பாகங்களை பிரிட்டனில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். நான்கு கதவு ஹெரால்டின் பின்கதவை உலகில் யாரும் செய்வதில்லை. அது வேண்டுமென்றால் தென்னாட்டில் ஏதோ ஒரு தோட்டத்தில் துருப்பிடித்து நிற்கும் இன்னொரு ஹெரால்டுதான் கதி.

பிரிக்கத் தகுந்தது எது?

இங்கேதான் மனச்சாட்சி வேலை செய்ய வேண்டும். ஆர்வத்தில் பலர் செய்வது இதுதான்: தன் வண்டியைவிட நல்ல நிலையில் உள்ள இன்னொன்று மலிவாகக் கிடைத்தால் வாங்கி, அதைப் பிரித்துத் தன்னுடையதற்குப் போடுவது. தாத்தாவின் வண்டி என்ற பாசம் புரிகிறது. ஆனால் எண்ணிக்கையில் சுருங்கிவரும் ஓர் இனத்தில், எழுந்து ஓடக்கூடிய ஒன்றை அழித்து, ஓட முடியாத ஒன்றைத் தூக்கி நிறுத்துவதால் மொத்தத்தில் ஒரு கார் நஷ்டம்தான்.

முதலில் உடலைப் பார்க்க வேண்டும். அம்பாசடரும் ஃபியட்டும் தனிச் சேஸிஸ் இல்லாத வண்டிகள், தகட்டு உடலே எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டி, தரைத்தகடு, ஜாக்கி வைக்கும் இடம், பட்டை ஸ்பிரிங் மாட்டும் காதுகள் ஆகிய நான்கும் அரித்துப்போயிருந்தால் அந்த வண்டியை மீட்கும் செலவு மிகக் கடுமையானது. அப்படிப்பட்ட உடலில் எஞ்சின், கண்ணாடி, குரோமியப் பட்டைகள், மீட்டர்கள் ஆகியவை முழுசாக இருந்தால் அது பார்ட்ஸ் வண்டியாகத் தகுதி பெற்றது. மாறாக உடல் கெட்டியாக இருந்து, ஆர்.சி. புத்தகம் கையில் இருந்து, எஞ்சின் மட்டும் இறுகிப்போயிருந்தால் அதைப் பிரிப்பது பாவம். அது இன்னொருவர் கையில் உயிர் பெறட்டும்.

ஹெரால்டில் சோதனை இன்னும் பெரிது. அதற்குத் தனிச் சேஸிஸ் உண்டு. போல்ட்டுகளைக் கழற்றினால் உடல் பகுதி பகுதியாக மேலே வந்துவிடும். பானெட் முழுவதும், மட்கார்டு உட்பட, முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். இரண்டு ஹெரால்டை ஒன்றாக்குவது இவ்வளவு எளிது என்பதாலேயே, அவசரப்பட்டுப் பிரிக்கப்பட்ட ஹெரால்டுகள் ஏராளம். கெஸலின் பின் அச்சு விஷயமும் அப்படித்தான். ஹெரால்டின் தனித்தனியாக ஆடும் பின் அச்சு நம் சாலைக் குழிகளில் படாதபாடு பட்டதால், கெஸலில் ஒரே துண்டான அச்சு வைத்தார்கள். ஹெரால்டுக்கு அதை மாற்றிப் போட்டால் ஓட்டம் திடமாகும், ஆனால் ஹெரால்டின் குணம் போய்விடும். அதற்காக ஒரு கெஸலும் அழியும். கெஸல்களும் இன்று அரிதானவைதான்.

பிரிப்பதே பாதி வேலை

காயலான் கடையில் வண்டியை உடைப்பதும், பட்டறையில் வண்டியைப் பிரிப்பதும் ஒன்றல்ல. உடைப்பவருக்கு இரும்பின் எடை முக்கியம். பிரிப்பவருக்கு ஒவ்வொரு கிளிப்பும் வாஷரும் முக்கியம். முறையாகச் செய்பவர்கள் ஸ்பேனர் எடுக்கும் முன்பே செல்போனில் ஒவ்வொரு மூலையையும் படம் பிடிக்கிறார்கள். கழற்றிய போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாவில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று சீட்டு எழுதி ஒட்டுகிறார்கள். அம்பாசடரும் ஹெரால்டும் அங்குல மரை, ஃபியட் மில்லிமீட்டர் மரை. டப்பா கலந்து, மாறிய போல்ட்டை முறுக்கித் திணித்தால் அரை நூற்றாண்டு தாங்கிய மரை ஒரு நிமிடத்தில் வழுக்கிவிடும்.

துருவேறிய சில்லை வெட்டி, பார்ட்ஸ் வண்டியின் சில்லை ஒட்டவைக்கும்போது இன்னும் கவனம் தேவை. வெட்டும் முன் கதவு இடைவெளிகளில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டிங் போட்டு உடலை இறுக்கிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் உடல் நடுவில் தொய்ந்துவிடும், பிறகு எந்தக் கதவும் சரியாகச் சாத்தாது. எங்கே வெட்டலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. பாரம் தாங்கும் மூட்டுகளில் கத்தி வைக்காமல், தொழிற்சாலை போட்ட ஸ்பாட் வெல்டுகளைத் துளையிட்டுக் கழற்றி, தகட்டை முழுசாக எடுப்பதே நல்ல டிங்கரிங். அரித்த தகட்டின் மேல் பட்டியை அப்பித் தேய்த்துப் பெயின்ட் அடித்தால் திருவிழா வரை பளபளக்கும். அடுத்த ஐப்பசி மழையில் கொப்புளம் கிளம்பும்.

உடல்நலமும் இதில் அடக்கம். அந்தக் காலத்து பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்துத் தூசியை ஊதும் பழக்கம் நுரையீரலுக்கு எமன். தண்ணீரில் நனைத்துத் துடைப்பதும் முகமூடி போடுவதும் கட்டாயம். ஈயம் கலந்த பழைய பெயின்ட்டை உலர் நிலையில் தேய்ப்பதும் அதே போல ஆபத்துதான்.

எது வரலாம், எது வரக் கூடாது?

பார்ட்ஸ் வண்டியிலிருந்து தாராளமாக எடுக்கக்கூடியவை: கண்ணாடிகள், கதவுக் கீல்கள், கைப்பிடிகள், ஜன்னல் ஏற்றும் ரெகுலேட்டர், விளக்குக் கூடுகள், பம்பர், வீல் கப், மீட்டர்கள், சீட்டின் இரும்புச் சட்டம், கியர் பாக்ஸ் கூடு, டிஃபரென்ஷியல் கூடு. அளந்து பார்த்த பிறகே எடுக்க வேண்டியவை: கிராங்க், சிலிண்டர் பிளாக், ஹெட். கிராங்க்கில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், சோதித்த பிறகே கிரைண்டிங்குக்குக் கொடுக்க வேண்டும். பிளாக்கை ஏற்கெனவே எத்தனை முறை போரிங் செய்திருக்கிறார்கள் என்று பார்த்து, தேவையானால் ஸ்லீவ் போட வேண்டும்.

ஒருபோதும் எடுக்கக் கூடாதவை: பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் ரப்பர்கள், ஸ்டியரிங் மூட்டுகள், பெட்ரோல் குழாய், டயர், வயரிங். உயிரைக் காக்க வேண்டிய பாகத்தில் பழமை அழகு பார்க்கக் கூடாது.

வயரிங்கில் இன்னொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. பிரிட்டிஷ் வழி வந்த பழைய வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு எர்த் ஆகியிருக்கும், மின்சாரம் தருவது டைனமோ. பிற்கால வண்டியில் நெகட்டிவ் எர்த், ஆல்டர்னேட்டர். பின்னதைக் கழற்றி முன்னதில் யோசிக்காமல் மாட்டினால் முதல் இணைப்பிலேயே டயோடு கருகிவிடும்.

எரிபொருளும் மாறிவிட்டது. 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. வால்வு சீட்டுக்குக் காப்பாக இருந்த ஈயம் போனதால், பழைய இரும்பு ஹெட்டில் வால்வு மெல்ல மெல்ல உள்ளே புதைகிறது. லேத் பட்டறையில் கடினப்படுத்திய சீட் வளையம் போடுவது நல்ல தீர்வு. இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பரை அரிக்கும், தண்ணீரை ஈர்க்கும், நிறுத்தியே வைத்த வண்டியின் டேங்க்கில் துரு கட்டும். கார்புரேட்டர் டயஃப்ரம், பம்ப் ரப்பர், குழாய் எல்லாம் எத்தனால் தாங்கும் ரகமாக மாற வேண்டும்.

இந்த வண்டிகளைப் பிரிக்கும்போது தமிழ்நாட்டின் தொழில் வரலாறும் சேர்ந்தே வெளியே வருகிறது. சென்னை செம்பியத்தின் இந்தியா பிஸ்டன்ஸ், பாடியின் லூக்காஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, ராணே ஆகியவை கார் உதிரிகளில் நாடறிந்த பெயர்களானது இந்த வண்டிகளின் காலத்தில்தான். பிஸ்டன் தலையிலும் செல்ஃப் மோட்டார் உடலிலும் குத்தப்பட்ட முத்திரைகள், இறக்குமதியை நம்பியிருந்த நாடு தன் காலில் நின்றதற்கான சாட்சியங்கள்.

பொன்மலை சொல்லும் பாடம்

பார்ட்ஸ் வண்டியும் தீர்ந்துபோகும் நாள் வரும். அப்போது என்ன செய்வது என்பதற்கு விடை திருச்சியிலேயே இருக்கிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பல்சக்கரம் பற்றி ஏறும் நீலகிரி மலை ரயிலுக்கு, சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் ஆலை எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களைச் செய்து கொடுத்தது. 1914-க்கும் 1925-க்கும் இடையில் 12, பிறகு 1952-இல் 5. அவை முதுமை அடைந்தபோது உதிரி கேட்டுப் போக அந்த ஆலையில் யாரும் இல்லை. நீண்ட காலம் ஓர் எஞ்சினின் பாகம் இன்னொன்றுக்குப் போய்த்தான் ரயில் ஓடியது. அந்த வழியும் அடைபட்ட பிறகு, 1928 முதல் இயங்கிவரும் பொன்மலை ரயில்வே பணிமனை தானே புதிதாகச் செய்வது என்று இறங்கியது. முதலில் எண்ணெயில் இயங்கும் எஞ்சின்கள், 2021-இல் நிலக்கரியில் இயங்கும் எஞ்சின். யுனெஸ்கோ 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற மலை ரயில் இன்று ஓடுவதில் பொன்மலைத் தொழிலாளர்களின் கைக்குப் பெரும் பங்கு உண்டு.

பழைய பாகம் கையில் இருந்ததால்தான் புதியதை அளந்து செய்ய முடிந்தது. கார்களுக்கும் இதுவே வழி. பார்ட்ஸ் வண்டியின் கதவுக் கைப்பிடி ஒரு காருக்கு மாட்டப்பட்டால் ஒரு கார் பிழைக்கும். அதையே மாதிரியாக வைத்து அச்செடுத்து வார்த்தால் நூறு கார் பிழைக்கும். வார்ப்புக்கும் வெல்டிங்குக்கும் கடைசலுக்கும் திருச்சியை மிஞ்ச ஊர் ஏது? பெல் ஆலையைச் சுற்றி வளர்ந்த துவாக்குடி, திருவெறும்பூர்த் தொழிற்கூடங்கள், 1975-இல் இங்கே அமைந்த வெல்டிங் ஆராய்ச்சி நிலையம், அரியமங்கலத்தின் பட்டறைகள், ரயில்வேயிலும் பெல்லிலும் ஓய்வுபெற்ற ஃபிட்டர்கள், டர்னர்கள் எல்லாம் இந்த ஊரின் சொத்து.

பழையதை மீட்பது எப்படி என்பதையும் இந்த ஊர் உலகுக்குக் காட்டியிருக்கிறது. ஸ்ரீரங்கம் அரங்கநாதர் கோயில் திருப்பணிக்கு 2017-இல் யுனெஸ்கோ ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டவற்றை நீக்கி, மரபு முறையிலேயே பழுது பார்த்ததற்கான மரியாதை அது. காரையும் அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். எது அசல், எது பிற்சேர்க்கை, எது இன்னொரு வண்டியிலிருந்து வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால், அந்த மறுசீரமைப்பு நேர்மையானது.

சட்டம் என்ன சொல்கிறது?

சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் ஆர்.சி.யில் உள்ளபடியே வண்டியில் இருக்க வேண்டும். பார்ட்ஸ் வண்டியின் எஞ்சினை அப்படியே மாட்டினால், பதிவு அலுவலகத்தின் ஒப்புதல் பெற்று ஆர்.சி.யில் குறிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இதைப் பற்றியது. பிரித்து முடித்த வண்டியின் உரிமையாளர், 55-ஆவது பிரிவின்படி 14 நாட்களுக்குள், அல்லது இயன்ற விரைவில், பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும். திருச்சியில் டி.என். 45, 48, 81 என எந்த அலுவலகத்தின் வண்டியானாலும் நடைமுறை இதுதான். இதைத் தவறவிட்டால், உலகில் இல்லாத வண்டியின் ஆர்.சி. புத்தகம் தப்பான கைக்குப் போய்த் திருட்டு வண்டிக்கு உடுப்பாகும்.

2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறையை அறிவித்தது. 50 ஆண்டு தாண்டி, அசல் நிலையில் உள்ள, சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரும் மாற்றம் செய்யப்படாத வண்டிக்கு ‘வி.ஏ.’ எழுத்துகள் கொண்ட எண் கிடைக்கும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் அனுமதி இல்லை. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு ஓட்டலாம். ஹெரால்டுகள் அனைத்தும் இன்று அந்த வயதைத் தாண்டிவிட்டன. பார்ட்ஸ் வண்டியிலிருந்து எவ்வளவு எடுத்தோம் என்ற கணக்கு இங்கே சட்டக் கேள்வியாகவும் மாறிவிடுகிறது. அதே மாடலின் அதே பாகமாக இருந்தால் அசல் தன்மையை நிலைநாட்டுவது எளிது. நவீன எஞ்சினைச் சொருகியவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

கதவு மூடுவதற்குள்

2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டு தாண்டிய அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்க முடியாது. அவை பதிவுபெற்ற அழிப்பு மையங்களுக்குப் போக வேண்டும். அதே ஆண்டு அக்டோபரில் மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸிகள் சாலையை விட்டு இறங்கின. புகையும் பாதுகாப்பும் கருதி எடுத்த முடிவுகள் இவை. அவற்றில் நியாயம் இருக்கிறது. ஆனால் தாலுகா ஆபீஸ் வளாகத்தில் நிற்கும் ஓர் அம்பாசடர் இயந்திரத்தின் வாயில் முழுசாக விழும்போது, அதோடு நான்கு கதவுகள், ஆறேழு கண்ணாடிகள், ஒரு டிஃபரென்ஷியல், ஒரு ஸ்டியரிங் பாக்ஸ் எல்லாம் வெறும் இரும்பு விலைக்குப் போகின்றன. இனி அவற்றைச் செய்ய ஆலை இல்லை.

காமராஜர் பயணம் செய்த செவ்ரோலே மீட்கப்பட்டது. எம்.ஜி.ஆரின் அம்பாசடர் தியாகராய நகர் நினைவில்லத்தில் காக்கப்படுகிறது. கோவையில் 2015 முதல் ஜி.டி. கார் அருங்காட்சியகம் இருக்கிறது. தலைவர்களின் வண்டிகளுக்கும் செல்வந்தர்களின் வண்டிகளுக்கும் காப்பாளர்கள் கிடைத்துவிடுகிறார்கள். ஸ்ரீரங்கத்து வாத்தியாரின் ஹெரால்டுக்கும், பாலக்கரை டாக்ஸிக்காரரின் மார்க் 2-க்கும் யார் இருக்கிறார்கள்?

செய்யக்கூடியது ஒன்று உண்டு. அழிப்பு மையத்துக்குப் போகும் அரசு அம்பாசடர்களை, பதிவை ரத்து செய்த பிறகு, நொறுக்கும் முன் பயிற்சி மாணவர்களைக் கொண்டு முறையாகப் பிரிக்கலாம். திருவெறும்பூர் அரசு ஐ.டி.ஐ.யின் மோட்டார் மெக்கானிக் மாணவர்களுக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது. ஓய்வுபெற்ற பொன்மலை ஃபிட்டர் ஒருவர் பக்கத்தில் நின்றால் இன்னும் நல்லது. மீண்ட பாகங்களுக்குச் சீட்டு ஒட்டி, பட்டியலிட்டு, நியாய விலையில் விற்கும் ஓர் உதிரிபாகக் களஞ்சியம் திருச்சியில் அமையட்டும். மிச்சமாகும் இரும்பு உருக்காலைக்கே போகட்டும். அரசுக்கும் நட்டமில்லை.

பழைய கார் வைத்திருப்பவர்களும் ஒன்று செய்யலாம். பார்ட்ஸ் வண்டி வாங்கியவர், தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டகையில் துருப்பிடிக்க விடுவதே பெரும்பாலும் நடக்கிறது. உங்களுக்குப் பயன்படாத பின்கதவு, காரைக்குடியில் இரண்டு வருடமாக ஒருவர் தேடும் பின்கதவாக இருக்கலாம். கொடுத்துவிடுங்கள். ஒரு காரைப் பிரித்தவருக்கு அதன் கடைசி போல்ட் வரை பொறுப்பு இருக்கிறது. அந்தப் பொறுப்பை ஏற்கிறவர் கையில்தான் இன்னொரு கார் உண்மையாகப் பிழைக்கிறது.